ரசிகரும் அபிமானியும்: பெயர்ப்பில் நழுவும் பொருள்

திரைப்பட நடிகரைப் போற்றுவோரைத் தமிழ் ‘ரசிகர்’ என்கிறது. தெலுங்கும் கன்னடமும் ‘அபிமானி’ என்கின்றன. மலையாளம் ‘ஆராதகன்’ என்கிறது. அனைத்தும் வடமொழிக் கடன்சொற்களே. எனினும் அவை முதன்மைப்படுத்தும் கூறுகள் முறையே சுவை, பற்று, வழிபாடு என வேறுபடுகின்றன. ஐதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் ஒரு நடிகரின் ரசிகரை ‘ரசிகுடு’ எனப் பெயர்த்தால், இன்பநாட்டம் மிக்கவர் என்னும் பொருளும் தோன்றி நகைப்புக்கு இடமாகும்.

ரசிகர்கள் வேண்டுமென்றே ஆக்கும் நகைச்சுவையைப் பெயர்த்தல் இதனினும் அரிது. ‘தீனா’ (2001) படத்தையொட்டி அஜித்குமாருக்கு வழங்கிய ‘தல’, ‘தலை’ என்பதன் பேச்சு வடிவம். ‘தலைவர்’ என்பதிலுள்ள மரியாதை விகுதி இதில் இல்லை. அதனால் தலைமையும் தோழமையும் ஒருங்கே ஒலிக்கின்றன. 2021-இல் அஜித் இப்பட்டத்தைத் தவிர்க்குமாறு வேண்டினார். எனினும் தோனியைச் சென்னை அணி ரசிகர்கள் இவ்வாறே விளிக்கின்றனர்.

தெலுங்கிலும் ‘தல’ உண்டு. ஆனால் அது விளியாக வழங்குவதில்லை. ‘நாயகுடு’ என்றால் மரியாதை எஞ்சும், விளையாட்டு மறையும். தெலங்கானாப் பேச்சின் ‘அன்னா’ என்னும் விளியே நெருங்கிய ஈடு எனலாம். ஆகவே பெயர்ப்போர் நோக்க வேண்டுவது சொல்லின் வடிவை அன்று. விளிப்போர்க்கும் விளிக்கப்படுவோர்க்கும் இடையிலான உறவையே.