பைன் பருப்பும் பண்ருட்டி முந்திரியும்

விலையைக் கேட்டாலே கண் விரியும் பருப்பு ஒன்று உலர்பழக் கடைகளில் உண்டு. பைன் பருப்பு. வடக்கே அதைச் சில்கோசா என்பார்கள். இமாசலப் பிரதேசத்தின் கின்னோர் மலைகளிலும் ஆப்கானிஸ்தானிலும் பைன் மரக் கூம்புகளுக்குள் விளைவது. இதயத்துக்கு நல்லது, பசியை அடக்கும் என்று கேள்விப்பட்டு, கடலூரிலும் சிதம்பரத்திலும் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பக்கத்திலேயே விளையும் முந்திரியைக் "கொழுப்பு" என்று சொல்லிப் பாயசத்திலிருந்து பொறுக்கி ஓரம் வைப்பதும் அவர்கள்தான்.

செம்மண்ணுக்கு வந்த பிரேசில் மரம்

பிரேசில் நாட்டு மரமான முந்திரியைப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். பண்ருட்டி, காடாம்புலியூர், விருத்தாசலம் வட்டாரத்துச் செம்மண் அதற்கு நன்றாகவே பிடித்துப்போனது. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களை உருவாக்கித் தந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பல ஆண்டு வளர்ந்த தோப்புகளை ஒரே நாளில் சாய்த்துப்போட்டது. ஒட்டுக்கன்று நட்டு, காய்ப்புக்காகக் காத்திருந்து, விவசாயிகள் மீண்டும் எழுந்தார்கள்.

கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். அதனால்தான் கொட்டையைச் சுட்டோ ஆவியில் வேகவைத்தோ உடைக்கிறார்கள். தட்டில் வெள்ளையாக வந்து விழும் பருப்புக்குப் பின்னால், பெண்களின் கறை படிந்த கைகள் இருக்கின்றன.

தராசில் வைத்தால்

100 கிராம் பைன் பருப்பில் சுமார் 670 கலோரி, 68 கிராம் கொழுப்பு, 14 கிராம் புரதம். அதே எடை முந்திரியில் சுமார் 550 கலோரி, 44 கிராம் கொழுப்பு, 18 கிராம் புரதம். மெக்னீசியம் முந்திரியில் 290 மில்லிகிராம், பைன் பருப்பில் 250. இரும்புச்சத்திலும் முந்திரி சற்று முன்னே நிற்கிறது; துத்தநாகத்தில் பைன் பருப்புக்குக் கொஞ்சம் கூடுதல். தாமிரம் முந்திரியில் நிறையவே உண்டு.

முந்திரி தெளிவாகத் தோற்கும் இடம் வைட்டமின் ஈ. பைன் பருப்பில் 9 மில்லிகிராம் என்றால் முந்திரியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. அதற்காகக் கின்னோர் வரை போக வேண்டியதில்லை. வேர்க்கடலையில் 8 மில்லிகிராம் இருக்கிறது. அதுவும் கடலூர் மாவட்டத்துப் பயிர்தான். புரதமும் நார்ச்சத்தும் முந்திரியைவிட வேர்க்கடலையில் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொலஸ்ட்ரால் என்ற பழி

முந்திரியில் கொலஸ்ட்ரால் கிடையாது. தாவர உணவு எதிலும் பொருட்படுத்தும் அளவுக்கு அது இருப்பதில்லை. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு கொஞ்சம் உண்டு. பருப்பு வகைகள் இதயநோய் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்று பொட்டலத்தில் அச்சிட 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தபோது, வேர்க்கடலையும் பாதாமும் பட்டியலில் இடம்பெற்றன. பைன் பருப்பில் சில வகைகள் மட்டும் தேறின. நிறைவுற்ற கொழுப்பு வரம்பைத் தாண்டியதாகச் சொல்லி முந்திரியை விட்டுவிட்டார்கள்.

பிறகு சென்னையில் ஒரு சோதனை நடந்தது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த மருத்துவர் வி. மோகன் குழுவினர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 300 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான நீரிழிவு உணவுமுறையோடு தினமும் 30 கிராம் உப்பில்லாத முந்திரி, 12 வாரம். 2018இல் வெளியான முடிவுப்படி, முந்திரி சாப்பிட்டவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் சற்று உயர்ந்தது, மேல் ரத்த அழுத்தம் சற்று இறங்கியது. எடையோ சர்க்கரையோ கூடவில்லை. பெரிய மாற்றம் என்று இதைக் கொண்டாட முடியாது. ஆனால் பயம் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

அந்த 30 கிராம் உப்பில்லாதது, நெய்யில் மிதக்காதது என்பதை மறக்கக் கூடாது. முந்திரி பக்கோடாவுக்கும் முந்திரிக் கேக்குக்கும் இந்தச் சான்றிதழ் செல்லாது.

முப்பது கிராம் என்றால் எத்தனை?

கடையில் 180, 240, 320 என்று தரம் சொல்வார்கள். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராமுக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். ஆக, 320இல் இருபது பருப்பு, 180இல் பன்னிரண்டு பருப்பு, 30 கிராமுக்குச் சரி. கலோரி 165. உடைந்த பருப்பிலும் பாதிப் பருப்பிலும் சத்து அதேதான். விலை மட்டும் குறைவு.

பழத்தையும் பாருங்கள்

பருப்பை எடுத்துக்கொண்டு பழத்தைத் தோப்பிலேயே விட்டுவிடுவது இங்கே பழகிப்போயிற்று. முந்திரிப் பழத்தில் வைட்டமின் சி ஆரஞ்சைவிட நான்கு மடங்குக்குக் குறையாது. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்ச உதவுவது இந்த வைட்டமின்தான். தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பு, உப்பிட்டால் அல்லது லேசாக ஆவியில் வேகவைத்தால் குறையும்.

யார் கவனிக்க வேண்டும்

முந்திரி ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அவர்களுக்குப் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியமும் பாஸ்பரஸும் காரணமாக, மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பருப்பையும் அள்ளக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும். பொடித்தே கொடுக்க வேண்டும். பைன் பருப்பில் சில வகைகளைத் தின்றால் ஓரிரு நாளில் வாய் கசக்கத் தொடங்கி, ஒரு வாரத்துக்கு மேலும் நீடிப்பதுண்டு; தானாகச் சரியாகிவிடும்.

பைன் பருப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும் என்பதால் வாங்கினால் குளிர்பெட்டியில் வையுங்கள். தினசரித் தேவைக்கு என்றால், உப்பில்லாத பாதி முந்திரி கொஞ்சமும் வறுத்த வேர்க்கடலை கொஞ்சமும் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவே போதும்.