குழந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கதவு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பாசஞ்சர் வண்டி நெய்யாற்றின்கரையைத் தாண்டியதும் அமரவிளை, தனுவச்சபுரம் என்று சிறு நிலையங்களில் நின்று பாறசாலையை அடைகிறது. அங்கிருந்து களியக்காவிளையும் தமிழக எல்லையும் கூப்பிடு தூரம்தான். சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் தென்னை, வாழை, மரச்சீனி என்று பச்சைப் பசேல். வீட்டுக்கு வீடு ஒரு கிணறு. வறண்ட மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மவர்களுக்கு இது கண்கொள்ளாக் காட்சி. ஒரு குடம் தண்ணீருக்குத் தெருக்குழாயில் மணிக்கணக்காக நின்றவர்கள், வாசலிலேயே ஊறும் நீரைப் பார்த்தால் பூரித்துப் போவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த வீட்டில் தவழத் தொடங்கிய குழந்தை ஒன்று இருந்தால், பூரிப்போடு கொஞ்சம் பயமும் வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது; அதைவிட, அதற்கான மாற்று வழியைப் பற்றியது.

சத்தமில்லாத ஆபத்து

"குழந்தை தண்ணீரில் விழுந்தால் அலறும், நமக்குக் கேட்காமலா போகும்?" என்று பலரும் நம்புகிறோம். இது தவறான நம்பிக்கை. நீரில் மூழ்குகிற குழந்தை கத்துவதில்லை. மூச்சுக்குத் தவிக்கிற வாயால் குரல் எழுப்ப முடியாது. கையை வீசி உதவி கேட்கவும் சின்னஞ்சிறு குழந்தைக்குத் தெரியாது. அடுப்பில் இருக்கும் பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக் கூடும்.

ஒன்று முதல் நான்கு வயது வரையிலான பருவம்தான் மிக ஆபத்தானது. அந்த வயதில் உடலின் மற்ற பாகங்களை நோக்கத் தலை கனமானது. எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால், தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் வலு கைகளுக்குக் கிடையாது. ஆகவே ஆழக் கிணறுதான் ஆளைக் கொல்லும் என்பதில்லை; கால்வாசி நிரம்பிய வாளியும் போதும். அமெரிக்காவில் பெரிய பிளாஸ்டிக் வாளிகளின் மேல், குழந்தை தலைகீழாக விழும் படத்தைப் போட்டு எச்சரிக்கை அச்சிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. பத்துக்கு ஒன்பது சாவுகள் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் நேர்கின்றன. இதன் கொடுமையை உணர்ந்துதான் ஐ.நா. பொதுச் சபை 2021-இல் தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

நீச்சல் குளச் சட்டங்கள்

வெளிநாடுகளில் வசதியுள்ளவர்களின் வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம் இருக்கும். அந்தக் குளங்களில் குழந்தைகள் விழுந்து இறப்பதைக் கண்டு அரசுகள் விழித்துக்கொண்டன. நியூசிலாந்து 1987-இலேயே குளத்தைச் சுற்றி வேலி வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பிரான்ஸ் 2003-இல், வேலி, அபாய மணி, மூடி, கூடாரம் ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்று விதித்தது. ஆஸ்திரேலியாவில் வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது சுமார் நான்கு அடி. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கதவு குளத்தின் பக்கமாக அல்லாமல் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். விட்டால் தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். வேலியருகே ஏறி நிற்க ஏதுவாக நாற்காலி, தொட்டி எதுவும் வைக்கக் கூடாது.

"இதெல்லாம் பணக்காரர் சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். கேரளத்தின் புதிய மாளிகைகள் சிலவற்றிலும் இன்று நீச்சல் குளம் வந்துவிட்டது. அதைக் கட்டிய கொத்தனார், அந்த வீட்டுக் காவலாளி, சமையலுக்குப் போகும் அம்மாள் ஆகியோரில் நம்மவர்களும் உண்டு. பின்கட்டில் தங்கியிருக்கும் அவர்களுடைய குழந்தைக்கும் அந்தக் குளம் அதே தூரத்தில்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டில் வேலை செய்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலும் வேலி இருக்க வேண்டும். மூன்று பக்கம் வேலியும் நாலாவது பக்கம் வீட்டு வாசலுமாக இருந்தால் பயனில்லை. குழந்தை வருவதே வீட்டுக்குள்ளிருந்துதான். குளித்து முடிந்ததும் பந்து, பொம்மைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும்; அவைதான் குழந்தையை அழைக்கின்றன. மேலே விரித்த மூடியில் மழைநீர் தேங்கினால் அந்த நீரே ஆபத்து. தண்ணீரை உறிஞ்சும் துவாரத்தின் மூடி உடைந்திருந்தால் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, 2002-இல் அத்தகைய துவாரத்தின் இழுப்பில் சிக்கி மாண்டாள். அதன் பிறகே, 2007-இல், அங்கே பாதுகாப்பான மூடி கட்டாயமாயிற்று. காற்றடைக்கும் பிளாஸ்டிக் தொட்டியை விளையாட்டு முடிந்தவுடன் கவிழ்த்துவிடுவது உத்தமம்.

நம் வீட்டுக் கிணறு

அந்த வேலியின் அளவுகளை அப்படியே நம் கிணற்றடிக்குக் கொண்டு வரலாம். மலையாளத்தில் 'ஆள்மற' என்று சொல்லும் சுற்றுச்சுவர் நான்கு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பழைய வெட்டுக்கல் கிணறுகளில் சுவர் முழங்கால் உயரமே இருப்பதுண்டு. சில இடங்களில் தரையோடு தரையாகவும் இருக்கும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது மின்சாரம் உண்டா, கழிப்பறை உண்டா என்று கேட்பதைப் போல, கிணற்றுச் சுவர் எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். சுவரை உயர்த்திக் கட்ட வீட்டுக்காரர் தயங்கினால், கொத்து வேலை தெரிந்த நம்மவர் கூலி இல்லாமல் செய்து தருவதாகச் சொல்லிப் பார்க்கலாம். சில கல்லும் ஒரு மூட்டை சிமெண்டும் ஓர் உயிருக்கு ஈடாகுமா?

சுவர் மட்டும் போதாது. வாயின் மேல் இரண்டு பாதியாகத் திறக்கும் இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டலாம். இலை விழாமல் கட்டும் வலையைக் காவல் என்று எண்ண வேண்டாம். வெயிலில் இற்றுப்போன வலை குழந்தையின் பாரத்தைத் தாங்காது. எல்லாவற்றையும்விட, சுவரை ஒட்டிக் கவிழ்த்த குடம், துவைகல், விறகுக் கட்டு ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். நான்கு அடிச் சுவர், இரண்டு அடிக் கல்லின் மேல் நிற்கும் குழந்தைக்கு இரண்டு அடிச் சுவர்தான்.

இடவப்பாதி மழையிலும் துலாவருஷத்திலும் இன்னும் எச்சரிக்கை தேவை. நேற்று வரை வெறும் பள்ளமாக இருந்த மண் குழி, வெட்டுக்கல் எடுத்த இடம், வாய்க்கால் எல்லாம் ஒரே இரவில் குளமாகிவிடும். மழை விட்ட காலையில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வருவதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

வரிசை வீடுகளில் ஒரே குளியலறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதுண்டு. தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைத்த வாளியும் டிரம்மும் வாயைப் பிளந்து நிற்கும். டிரம்முக்கு மூடி போட்டு மேலே கனமான கல் வையுங்கள். காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவின் வெளிப்புறம், பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடியுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவை மிஞ்சாது.

கட்டடம் எழும் இடத்தில்

கட்டட வேலைக்குப் போகும் தாய்மார்கள் பலர் குழந்தையையும் உடன் கொண்டு செல்கிறார்கள். ஊரில் விட ஆளில்லை. வீட்டில் பூட்டிவைக்க மனமில்லை. அங்கே என்ன இருக்கிறது? கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழி, நனைப்புக்குச் சேமித்த தண்ணீர்த் தொட்டி, அஸ்திவாரத்தில் தேங்கிய மழைநீர்.

1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பேருக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்மவர் போகிற தனி வீட்டுக் கட்டடத்தில் ஐம்பது பெண்கள் ஏது? ஐந்து பேர் இருந்தாலே அதிகம். எனவே சட்டம் எட்டாத இடத்தில் மேஸ்திரியின் மனசாட்சிதான் எட்ட வேண்டும். குழி தோண்டிய அன்றே மேலே பலகையோ தகரமோ போடச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டச் சொல்லுங்கள். கேட்பது பிச்சையல்ல, நியாயம்.

முந்தானையின் காவல்

"நான்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்கிறேனே" என்பார் தாய். பார்ப்பது உண்மை. ஆனால் சமையல், துவையல், அடுத்த குழந்தை என்று பத்து வேலைக்கு நடுவே பார்க்கிறார். வீட்டில் நாலு பேர் இருந்தால் ஆபத்து குறையும் என்றும் சொல்ல முடியாது. "அவள் பார்ப்பாள்" என்று இவர் நினைக்க, "இவர் பார்ப்பார்" என்று அவள் நினைப்பாள். விருந்து நாளிலும் வீடு மாறும் நாளிலும் இதுதான் நடக்கிறது. "இனி நீ பார், நான் உள்ளே போகிறேன்" என்று வாய் திறந்து சொல்லி ஒப்படையுங்கள். ஆறு வயது அக்காளை இரண்டு வயதுத் தம்பிக்குக் காவல் வைப்பது, இரண்டு குழந்தைகளையும் காவலின்றி விடுவதாகும். சில சமயம் தம்பியைப் பிடிக்கப் போய் அக்காளும் விழுகிறாள்.

வங்கதேசம் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே வீட்டுக்கு வீடு குளம். தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணிக்குள்தான் குழந்தைகள் அதிகம் இறந்தார்கள். ஆகவே கிராமத்துப் பெண் ஒருவரின் வீட்டிலேயே அந்த நேரத்துக்குச் சின்னஞ்சிறார்களைக் கூட்டி வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு தொடங்கியது. அதற்குப் பெயர் 'ஆஞ்சல்'. வங்க மொழியில் சேலை முந்தானை என்று பொருள். அங்கே சேர்ந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் சாவு சுமார் 80 சதவீதம் குறைந்தது.

நம்மால் முடியாதா? மூன்று வயது நிரம்பிய குழந்தையை அருகிலுள்ள அங்கன்வாடியில் சேருங்கள். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். குழந்தை நம்மைவிட விரைவில் கற்றுக்கொள்ளும். அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, வேலைக்குப் போகாத ஒரு பெண்மணிக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, கதவுள்ள ஒரு திண்ணையில் காலைப் பொழுதை ஒப்படைக்கலாம்.

நீச்சல் கற்றுக் கொடுப்பதும் நல்லதுதான். பள்ளி செல்லும் வயதில் அவசியம் கற்கட்டும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால்

குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரில் தேடுங்கள்; கட்டில் அடியிலும் பக்கத்து வீட்டிலும் பிறகு தேடலாம். "குட்டி கிணற்றில் வீணு" என்ற மூன்று சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மலையாள அயலார் ஓடி வருவார்கள். நீந்தத் தெரியாதவர் குதிக்க வேண்டாம். பாழுங்கிணற்றில் விஷவாயு தங்கியிருக்கலாம். அதில் யாரும் இறங்காமல் தீயணைப்புப் படையை 101-இல் அழையுங்கள்.

வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. அதில் வீணாவது நேரம். மூச்சு இல்லையென்றால் சமதரையில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மார்பு எழும்படி ஊதுங்கள். கைக்குழந்தையானால் தலையைச் சாய்க்காமல் நேராக வைத்து, வாய், மூக்கு இரண்டையும் உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். அசைவு இல்லையென்றால் மார்பின் நடுவே ஒரு கையால், கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரலால், மார்பின் மூன்றில் ஒரு பங்கு தாழும்படி முப்பது முறை விரைந்து அழுத்துங்கள். பிறகு இரண்டு முறை ஊதுங்கள். உதவி வரும்வரை இதையே தொடருங்கள். இதற்கிடையே மற்றொருவர் 108-க்குப் பேசட்டும். குழந்தை கண் விழித்து அழுதாலும் வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். நுரையீரலில் போன நீர் பல மணி நேரம் கழித்தும் தொல்லை தரலாம். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ உள்ள அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

ஊரை விட்டு வந்து நாம் உழைப்பதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தவழும் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உங்கள் வீட்டையும் முற்றத்தையும் ஒருமுறை பாருங்கள். அந்த உயரத்திலிருந்து எந்தத் தண்ணீருக்குப் போக வழி தெரிகிறதோ, அந்த வழியை அன்றே அடையுங்கள்.