காலில் ஒரு கணக்கு நம்பர்!

புரட்டாசியில் கோடியக்கரைக்குப் போயிருக்கிறீர்களா? கடல் தண்ணீர் உள்வாங்கிய சேற்றில், தையல் மெஷின் ஊசி மாதிரி அலகால் குத்திக்கொண்டே ஓடும் குட்டிப் பறவைகள். கொசு உள்ளான்! எடை 25 கிராம் சொச்சம். வீட்டு மிளகாய்த்தூள் பாக்கெட்டே 50 கிராம். வந்திருப்பதோ ஆர்க்டிக் ஓரத்திலிருந்து!

டெலஸ்கோப்பில் பார்த்தால், ஒன்றின் காலில் அலுமினிய வளையம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சாலிம் அலி காலத்திலிருந்தே செய்கிற வேலை. வலையில் பிடித்து, எடை பார்த்து, நம்பர் மாட்டிப் பறக்கவிடுவார்கள். பிடிப்பதற்கு பீகாரின் மீர்ஷிகார் வேட்டைக்காரர்களையே அழைத்து வந்தார்கள். விற்கப் பிடித்த கை, விட்டுவிடப் பிடித்தது!

நான் பி.காம். எனக்கு இது டபுள் என்ட்ரி. வளையம் மாட்டியது ஒரு பதிவு. வேறெங்கோ யாராவது கண்டு சொன்னால்தான் எதிர்ப்பதிவு. அப்போதுதான் எங்கிருந்து எங்கே, எத்தனை வருஷம் என்று கணக்கு டாலி ஆகும்.

டீக்கடையில் ஒரு மீனவப் பெரியவர் சொன்னார்: "நம்ம வலையிலகூட ஒண்ணு செத்துக் கெடந்துச்சு தம்பி. போலீஸ் கேஸாயிடுமோனு வளையத்தக் கழட்டிக் கடல்ல வீசிட்டேன்."

எனக்கு டீ இறங்கவில்லை.

வளையத்தைக் கண்டு சொல்வது குற்றமில்லை சார்! நம்பர், தேதி, ஊர் மூன்றையும் எழுதி, வளையத்தில் உள்ள கழகத்துக்கு அனுப்புங்கள். பறவை உயிரோடிருந்தால் வளையத்தோடு விட்டுவிடுங்கள்.

இதைச் சொன்னதும் பெரியவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏ-னு ஆரம்பிச்ச மாதிரி ஞாபகம் தம்பி... மிச்சம் கடலுக்குத்தான் தெரியும்."