மருந்து அடிக்குமுன் ஒரு கணக்கு

நெற்பயிரில் நாலு புழுவைக் கண்டதும் கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்து அடித்துவிடுவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பதற்காகவே அடிப்பவர்களும் உண்டு. அந்தப் புழுவால் எவ்வளவு நெல் குறையும், மருந்துக்கும் கூலிக்கும் போகும் பணத்தைவிட அது கூடுதலா, குறைவா என்று பார்ப்பவர்கள் சிலரே. இதைப் பார்க்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே போட்டுத் தந்துவிடும்.

கணக்கு பிறந்த கதை

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குதிரைமசால் பயிரைத் தாக்கிய அசுவினியை ஒழிக்க ஓயாமல் மருந்து அடித்தார்கள். நாளடைவில் அந்த மருந்து அசுவினிக்குப் பழகிப்போனது. அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளோ மடிந்துபோயின. இதை ஆராய்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் என்ற நான்கு பூச்சியியல் வல்லுநர்கள் 1959ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டனர். வயலில் பூச்சி இருப்பதே நஷ்டம் ஆகாது. பூச்சியால் வரும் நஷ்டமும் அதைத் தடுக்க ஆகும் செலவும் சமமாகும் ஓர் அளவு உண்டு. அதுவே பொருளாதாரச் சேத நிலை. பூச்சி அந்த அளவை எட்டுவதற்குச் சற்று முன்பாக மருந்து அடித்தால் போதும் என்பதே அவர்கள் சொன்னது.

கணக்கு போடும் விதம்

ஒரு ஏக்கருக்கு ஒரு முறை தெளிக்க மருந்து, ஆள் கூலி, தெளிப்பான் வாடகை எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆவதாகவும், நெல் கிலோ 20 ரூபாய்க்கு விற்பதாகவும் வைத்துக்கொள்வோம். 900ஐ 20ஆல் வகுத்தால் 45. அதாவது, குறைந்தது 45 கிலோ நெல்லைக் காப்பாற்றினால்தான் மருந்துச் செலவு திரும்பக் கிடைக்கும்.

ஆனால் எந்த மருந்தும் சேதம் முழுவதையும் தடுத்துவிடாது. மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும் என்று கொண்டால், பூச்சியால் வரக்கூடிய சேதம் 67½ கிலோவாவது இருக்க வேண்டும். ஏக்கருக்கு 2,250 கிலோ விளையும் வயலில் இது நூற்றுக்கு 3 பங்கு. சேதம் இதற்குக் கீழே இருக்குமானால், மருந்து அடித்தவருக்கே நஷ்டம்.

இந்தத் தொகைகள் உதாரணத்திற்குச் சொன்னவை. அவரவர் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டுப் பார்க்க வேண்டும். கூலியும் மருந்து விலையும் ஏறினால் வரம்பும் ஏறும். விதை நெல்லாக நல்ல விலைக்குப் போகும் பயிரானால் வரம்பு இறங்கும்.

நெல்லுக்கு உரிய அளவுகள்

பயிர் நிற்கும்போது வரப்போகும் சேதத்தைக் கிலோவில் சொல்வது கடினம். ஆகவே கண்ணால் எண்ணக்கூடிய அளவுகளாகப் பரிந்துரை செய்யப்பட்டுள்ளன.

குருத்துப்பூச்சி: சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்கள், அல்லது தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்கு 10 நடுக்குருத்து காய்தல், அல்லது நூற்றுக்கு 2 வெண்கதிர்.

இலைச்சுருட்டுப் புழு: வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்கு 10 இலைகளில் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் நூற்றுக்கு 5.

ஆனைக்கொம்பன்: நூற்றுக்கு 10 வெள்ளித்தண்டுகள்.

புகையான்: தூருக்கு 1 பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்குமானால் தூருக்கு 2 பூச்சிகள் வரை பொறுக்கலாம்.

கதிர் நாவாய்ப்பூச்சி: பூக்கும்போது 100 கதிருக்கு 5, பால் பிடித்த பிறகு 100 கதிருக்கு 16.

எண்ணுவது எப்படி?

வரப்போரத்தை விட்டு உள்ளே இறங்கி, குறுக்காக நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக 20 குத்துகளைப் பார்க்க வேண்டும். தாக்குதல் தெரியும் இடத்தில் மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும். 20 குத்துகளில் 300 தூர்கள் இருந்து, அவற்றில் 24 காய்ந்திருந்தால், 24ஐ 100ஆல் பெருக்கி 300ஆல் வகுக்க வேண்டும். விடை 8. இது பத்துக்குக் கீழ். பயிர் புதுத் தூர் வெடித்து ஈடு செய்துகொள்ளும். அன்று மருந்து வேண்டியதில்லை. ஆனால் அத்துடன் விட்டுவிடாமல் வாரம் ஒரு முறை எண்ணி நோட்டில் குறித்து வர வேண்டும். எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

புகையானுக்கு இலையைப் பார்த்துப் பயனில்லை. தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே தண்டில் பார்க்க வேண்டும். சிலந்தியையும் அப்போதே எண்ணிவிட வேண்டும்.

கணக்கில் தெரியாத செலவு

சிலந்தியை எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்து முதலில் கொல்வது பெரும்பாலும் இந்த நண்பர்களைத்தான். பிறகு புகையான் தடையில்லாமல் பெருகி, வயல் வட்டவட்டமாகக் கருகிப்போகும். இந்தோனேசியாவில் 1985-86இல் இதுதான் நடந்தது. கண்டபடி மருந்து அடித்த ஜாவா தீவில் புகையான் பெருகி நெல்லை அழித்தது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு ஜனாதிபதி சுகார்த்தோ 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடை விதித்தார். மருந்துக்குக் கொடுத்த மானியமும் 1989க்குள் நிறுத்தப்பட்டது. அதனால் நெல் உற்பத்தி குறைந்துவிடவில்லை.

கவனிக்க வேண்டியவை

இந்த அளவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. துங்ரோ நோய் வழக்கமாக வரும் பகுதியில் அதைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சி குத்துக்கு 2 இருந்தாலே ஆபத்து. மற்ற இடங்களில் வளர்ச்சிப் பருவத்தில் குத்துக்கு 5 வரை பொறுக்கலாம். வரம்பைத் தாண்டிவிட்டால் காலம் கடத்தாமல், வேளாண்மை விரிவாக்க மைய அலுவலரைக் கேட்டு, அந்தப் பூச்சிக்கு உரிய மருந்தை உரிய அளவில் அடிக்க வேண்டும். புகையான் கண்ட வயலில் தண்ணீரை வடித்துவிடுவதும், தழைச்சத்தை அளவோடு இடுவதும் செலவில்லாத தடுப்பு முறைகள்.

ஒரு ஏக்கர் வயலில் 20 குத்துகளை எண்ணக் காலை நேரத்தில் சிறிது பொழுது போதும். வேண்டாத ஒரு தெளிப்பைத் தவிர்த்தாலே, மேலே கண்ட கணக்கின்படி, 45 கிலோ நெல்லின் விலை கையில் மிஞ்சும்.