மதுரை வெயிலில் ஒரு பவளக்கடல் இறால்!

மதுரையில் இறால் என்றதும் நாக்குக்குத்தான் முதலில் தகவல் போகும். தொக்கு, வறுவல், பிரியாணி என்று நீளும் பட்டியல். அதே இறால் இனத்தில் ஒன்றை ஆயிரத்துக்கு மேல் விலை கொடுத்து வாங்கி, வரவேற்பறையில் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் விட்டு, அதற்காக வீட்டில் கொசு மருந்துகூட அடிக்காமல் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அலங்கார இறால் வளர்ப்பு என்பது அப்படிப்பட்ட ஒரு பித்து!

இந்தப் பித்துக்குப் பெரும்பாலும் முதல் காரணம் 'க்ளீனர் ஷ்ரிம்ப்'. இரண்டு அங்குல நீளம், சிவந்த முதுகு, நடுவில் தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளைக்கோடு, நீண்ட வெள்ளை மீசைகள். செங்கடலிலிருந்து பசிபிக் வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. அங்கே இதன் தொழில் சலூன் நடத்துவது போன்றதுதான். பாறை விளிம்பில் நின்று மீசையை ஆட்டும். பெரிய மீன்கள் வந்து வாயைத் திறந்தபடி அசையாமல் காத்திருக்கும். இறால் ஏறி, செதில்களிலும் வாய்க்குள்ளும் இருக்கும் ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் கிள்ளித் தின்னும். ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடிய மீன், விழுங்காது. வீட்டுத் தொட்டியில் கையை விட்டால் உங்கள் நகத்தையும் வந்து சுத்தம் பார்க்கும். குழந்தைகள் இதற்காகவே சண்டை போடுவார்கள்.

ஆனால், 'மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்திருக்கு, ஒரு க்ளீனர் வாங்கிப் போட்டால் சரியாகிடும்' என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். இது மருத்துவர் அல்ல, சலூன்காரர்தான்.

மற்ற வகைகளில், சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு இடுக்கிக் கைகளைத் தூக்கி நிற்கும் பாக்ஸர் இறால் இந்தியக் கடல்களிலும் உண்டு. ஜோடியாக இருந்தால் குடும்பஸ்தன். ஒரே பாலினத்தில் இரண்டைச் சிறு தொட்டியில் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும். ஹார்லெக்வின் இறால் பார்க்க பீங்கான் பொம்மைபோல இருக்கும். நட்சத்திர மீனை மட்டுமே தின்னும் என்பதால், அதை வாங்குகிறவர் மாதாமாதம் நட்சத்திர மீனும் வாங்க வேண்டும். புதியவர்கள் தள்ளியே நிற்பது நல்லது. பிஸ்டல் இறால் கொடுக்கைச் சொடுக்கினால் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தம் கொடுக்குகள் மோதுவதால் வருவதல்ல, பாய்ந்த நீரில் உருவாகும் குமிழி உடைவதால் வருகிறது என்று 2000-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். இதற்குக் கண்பார்வை மந்தம். அதனால் கோபி என்ற சிறு மீனோடு கூட்டு வைத்துக்கொள்ளும். இறால் வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் ஒரு மீசை எப்போதும் கோபியின் மேல் இருக்கும். மீன் வாலை ஆட்டினால் ஆபத்து என்று அர்த்தம். இருவரும் உள்ளே!

உப்பு போட்டால் கடலாகிவிடுமா?

லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கடல்நீரின் கணக்கு. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. 'தூத்துக்குடி உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே' என்று தோன்றும். ஆகாது. உப்பளத்தில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான். இறாலின் ஓட்டுக்குத் தேவையான கால்சியம், மக்னீசியம் போன்றவை போதிய அளவில் அதில் இருக்காது. மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும்.

கரைக்கும் தண்ணீரும் முக்கியம். மதுரை போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூத்துப்போகும், அது இங்கே உதவாது. டிடிஎஸ் மீட்டரில் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டும் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். தொட்டியைத் தயார்செய்த அன்றே இறாலை விடவும் கூடாது. கழிவில் உண்டாகும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கற்களிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பல தொட்டிகள் முதல் மாதத்திலேயே பரணுக்குப் போகின்றன.

அடுத்தது வெயில். இந்த இறால்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை சுகம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஏசி இல்லாத அறையில் தண்ணீர் 32-ஐ எளிதாகத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். இதைக் கடலே தாங்கவில்லை: 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் நீர் சூடேறி, பவளப்பாறைகள் வெளுத்துப்போயின. தொட்டியைக் குளிர்விக்கும் சில்லர் கருவியின் விலை, தொட்டியின் விலையையே தாண்டும். ஆனால் மதுரைக்கு ஒரு சலுகை உண்டு. சென்னை போலப் புழுக்கம் இல்லை, இங்கே காற்று வறண்டது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி ஓடினாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

அதற்கு விலையாகத் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் 10 லிட்டர் குறைந்தால் 35 என்ற உப்பளவு 39-ஐ நெருங்கும். எனவே தினமும் நிரப்ப வேண்டியது உப்புத்தண்ணீரை அல்ல, நல்ல தண்ணீரை. புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கரண்ட் போனால் காற்று மோட்டார் நிற்காதபடி பேட்டரியில் ஓடும் ஒன்றையும் வாங்கிவைப்பது உத்தமம்.

வெயிலைவிட வேகமான எமன் கொசு மருந்து. கொசுவும் இறாலும் கணுக்காலி வகையைச் சேர்ந்த உறவுக்காரர்கள். கொசுவை வீழ்த்தும் பைரித்ராய்டு ரசாயனங்கள், அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் வீழ்த்தும். மீன் பிழைத்துக்கொள்ளும், இறால் பிழைக்காது. தெருவில் மாநகராட்சியின் புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடி, காற்று மோட்டாரைச் சிறிது நேரம் நிறுத்துவது இந்த வீடுகளில் பழக்கம். மோட்டார் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் அல்லவா விடுகிறது! அந்த அறைக்குக் கொசுவலைதான் சரி. அதுபோலவே செம்பு. மீன்களின் நோய்க்குப் போடும் பல மருந்துகளில் செம்பு இருக்கும். இறால் இருக்கும் தொட்டியில் அதில் சில துளி போதும், கதை முடிந்துவிடும்.

செத்துக் கிடப்பது யார்?

ஒருநாள் காலையில் தொட்டியின் அடியில் இறால் மல்லாந்து கிடக்கும். கண், மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்கும், அசைவு மட்டும் இருக்காது. வீட்டில் சோகம் கவியும். மதியம் பார்த்தால் பாறைக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் பெரிய இறால் ஒன்று எட்டிப்பார்க்கும். கிடந்தது சட்டை! இறால் வளர வேண்டுமானால் சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். புது ஓடு இறுகும்வரை உடல் மெத்தென்று இருக்கும், மீன்கள் கடித்தால் தாங்காது. ஒளிந்துகொள்ளப் பொந்துகள் இருக்க வேண்டும். ஒடிந்த மீசையும் அடுத்தடுத்த சட்டை மாற்றங்களில் திரும்ப முளைத்துவிடும்.

அந்தப் பொந்துகளுக்காக ராமேஸ்வரம் பக்கம் போகும்போது பவளக்கல் பொறுக்கிவரும் எண்ணம் சிலருக்கு வரும். வேண்டவே வேண்டாம். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்த பவளக்கல்லும் இதில் அடக்கம். பிடிபட்டால் ஜெயில்தான். கடையில் கிடைக்கும் பீங்கான் கற்களே போதும்.

சரி, இறால்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. க்ளீனர் இறால் முட்டையிட அடம்பிடிப்பதில்லை. வளர்ந்தபின் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும் என்பதால், எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஜோடிதான். இரண்டின் வயிற்றிலும் பச்சை முட்டைகள் தெரியும். இரவில் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் பொரியும். ஆனால் கடலில் மாதக்கணக்கில் மிதந்து, பல உருவங்கள் மாறிய பிறகே அவை இறாலாகும். வீட்டுத் தொட்டியில் விடிவதற்குள் மீன்களும் வடிகட்டியும் அவற்றை முடித்துவிடும்.

இந்த முடிச்சைச் சில வகைகளிலாவது அவிழ்த்த இடம் லட்சத்தீவின் அகத்தி. தேசிய மீன் மரபு வளங்கள் பணியகம் அங்கே அமைத்த மையத்தில், தோர் ஹைனானென்சிஸ், ஆன்சைலோகாரிஸ் ப்ரெவிகார்பாலிஸ் என்ற இரண்டு அலங்கார இறால்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்தார்கள். இரண்டாவது வகை, கடல் சாமந்தியின் கைகளுக்கு இடையே வாழும் கண்ணாடி உடம்புக்காரி. குஞ்சுகளை வாங்கி வளர்த்து விற்கத் தீவுப் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். பாறையிலிருந்து ஒன்றைக்கூடப் பிடுங்காமல் நடக்கும் வியாபாரம் இது.

எனவே கடைக்குப் போகிறவர்கள், கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வராவிட்டாலும், நாலு பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். கண்ணெதிரே இரை போடச் சொல்லுங்கள். தின்னாத இறாலை வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அப்படியே தொட்டியில் கொட்டாமல், மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் இறக்குங்கள். ஒரு மணி நேரமாவது ஆகட்டும். உப்பளவு திடீரென மாறினால் இறால் தாங்காது.

இவ்வளவும் பார்த்துவிட்டு மலைப்பவர்களுக்கு, நல்ல தண்ணீரிலேயே வாழும் செர்ரி இறால் இருக்கிறது. உப்பு வேண்டாம். குஞ்சுகள் பிறக்கும்போதே குட்டி இறாலாகவே வரும். கொசு மருந்து மட்டும் அதற்கும் ஆகாது.