செக் பண்ணாமல் கொடுத்த செக்



சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி வக்கீல் நோட்டீஸோடு வந்தார். தையல் மிஷின் வாங்க 30,000 ரூபாய் கடன் வாங்கியபோது, ஈடாக வெறும் கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கடன் கொடுத்தவர் அதில் 1,80,000 என்று எழுதி வங்கியில் போட, கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. "செக் பண்ணாம செக் குடுத்துட்டேன் மாமா" என்று அழுதார்.

அவர் சொன்ன அந்த இரண்டு செக்கும் ஒரே சொல்தான். அன்றிரவு அகராதியைப் புரட்டிப் பார்த்தேன்.

அதன் வேர் பாரசீகத்து 'ஷாஹ்'. அரசன் என்று பொருள். ஷாஜஹான், பாதுஷா என்று நம் வீட்டுப் பெயர்களில் இருக்கும் அதே ஷாதான். சதுரங்கம் நம் நாட்டிலிருந்து ஈரானுக்குப் போய், அங்கிருந்து அரபுகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆனது. எதிரியின் ராஜாவைத் தாக்கும் நிலை வந்தால் "ஷாஹ்!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். அந்தக் குரல் லத்தீன், பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. ராஜாவுக்கு செக் வைத்தால் எதிரி மற்ற வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தாக வேண்டும். அதனால் 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் வந்தது. செக்போஸ்ட்டில் வண்டியை மறிப்பது இந்தப் பொருளில்தான். 'சரியா என்று பார்' என்ற பொருள், அதாவது நாம் தினமும் சொல்லும் 'செக் பண்ணு', மிகப் பிந்தி வந்தது.

'செக்மேட்' என்பது 'ஷாஹ் மாத்'. மதரஸாவில் ஓதியவர்களுக்கு உடனே 'மௌத்' நினைவுக்கு வரும். ராஜா இறந்தான் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பாரசீகச் சொல், 'வழியற்று நிற்கிறான்' என்றே பொருள் என்கிறார்கள் மொழி அறிஞர்கள் பலர். ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே! நாம் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை 'செக்' என்பதும் சதுரங்கப் பலகையை வைத்துத்தான்.

வங்கிச் செக்குக்கு வருவோம். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசன் கணக்கைக் கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் காய்களை நகர்த்திச் சரிபார்த்தார்கள். அதனால் அந்தத் துறைக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். பிற்காலத்தில், பணச்சீட்டில் யாரும் தொகையைத் திருத்திவிடாமல் இருக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டையை 'செக்' என்றார்கள். பெயர் பிறகு சீட்டுக்கே வந்துவிட்டது. அரபியில் 'ஸக்' என்றால் எழுதிக்கொடுத்த பத்திரம். 10-ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் 42,000 தீனாருக்கான ஒரு ஸக்கைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அதிலிருந்துதான் செக் வந்தது என்று நம் மேடைகளில் சொல்வது வழக்கம். ஆங்கில அகராதிகள் பொதுவாக அதை ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் என்ன, செக் ஷாஹ் வழியாக வந்தது. ஸக் தனிப் பெருமை.

ஆக, யாரும் தொகையை மாற்றக்கூடாது என்று பிறந்த சொல் அது. தொகையே எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்ன மிச்சம்? கடனை எழுதச் சொல்லும் குர்ஆன் வசனம் (2:282) கடன் வாங்கியவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. வெற்றுச் செக்கில் கடன் கொடுத்தவர் அல்லவா எழுதுகிறார்?

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதில் கடுமையானது. விருப்பத்துடன் கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கில் விவரத்தை வாங்கியவரே நிரப்பியிருந்தாலும் அது செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவ்வளவு கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவர் தலையில். 138-ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

செக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பெயர், தொகை, தேதி மூன்றையும் நம் கையால் எழுத வேண்டும். எதற்காகக் கொடுத்தோம் என்பதைச் செக் எண்ணோடு ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடன் முடிந்த அன்றே செக்கைத் திரும்பக் கேளுங்கள். "அப்புறம் தர்றேன்" என்றால் விடாதீர்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால் தபால்காரரைத் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் கெடு. அந்தச் சகோதரிக்கு இன்னும் 9 நாள் இருந்தது. தவணை கட்டிய ரசீதுகளை அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தார், அல்ஹம்துலில்லாஹ். மறுநாளே மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போனோம். பெண்களுக்கு வருமானம் பாராமல் அங்கே இலவச வக்கீல் உண்டு. பதில் நோட்டீஸ் போய்விட்டது. கடனில் உண்மையாகவே பாக்கியிருந்த தொகையைத் தர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.