மெல்போர்னுக்குப் பெட்டி கட்டுகிறீர்களா?

டிசம்பர் பிறந்தால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மெல்போர்னுக்குப் புறப்படும் பெற்றோர் பலர். மகனோ மகளோ அங்கே வேலையில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. கிரிக்கெட் பிரியர்களுக்கோ கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எம்.சி.ஜி. மைதானத்தில் தொடங்கும் டெஸ்ட் போட்டி. புறப்படும் முன் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "அங்க இப்ப வெயிலா, குளிரா?" மறுமுனையில் மகள் சொல்வாள்: "ரெண்டுக்கும் எடுத்துக்கோம்மா."

கேட்பவருக்கு இது பிடிகொடுக்காத பதிலாகத் தோன்றும். ஆனால் மெல்போர்ன் வானிலையை அறிந்தவர் எவரும் இதைவிடச் சரியான பதிலைச் சொல்ல முடியாது.

காரணம் அந்த ஊர் உட்கார்ந்திருக்கும் இடம். மெல்போர்ன் தெற்கு அட்சரேகை 38 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதற்கு வடக்கே ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம், கோடையில் கொதிக்கும் மண். தெற்கே போனால் டாஸ்மேனியா தீவைத் தாண்டி அண்டார்டிகா வரை குளிர்ந்த பெருங்கடல்தான். நமக்கு வடக்கிலிருந்து வரும் காற்று குளிரைக் கொண்டுவரும். அங்கே வடக்குக் காற்று அனலைக் கொண்டுவருகிறது. தென்மேற்குக் காற்று பெருங்கடலின் குளிரைச் சுமந்து வருகிறது. ஊர் வெக்கையில் கிடப்பதும் குளிரில் நடுங்குவதும் அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

கோடையில் இது ஓர் ஒழுங்கோடு நடக்கும். கிழக்கே கடலுக்கு மேல் ஓர் உயரழுத்தப் பகுதி நிலைகொள்ளும். மேற்கிலிருந்து ஒரு குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, நெருங்கி வரும். இரண்டுக்கும் இடையே சிக்கிய நகரத்தின் மீது வடக்கிலிருந்து வெப்பக் காற்று வேகமாகப் பாயும். வெயில் 35, 38, சில நாள் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்முகம் நகரைக் கடந்த நொடியில் காற்று சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும். உள்ளூர்க்காரர்கள் இதைக் 'கூல் சேஞ்ச்' என்கிறார்கள். நாளெல்லாம் வெந்தவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள்.

2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்டது. அந்நகரின் அளவீட்டு வரலாற்றிலேயே அதுதான் உச்சம். மாலையில் குளிர்முகம் கடந்தபோது சில நிமிடங்களுக்குள் வெப்பநிலை 30 டிகிரி அளவுக்கு இறங்கியது. நகரத்துக்கு நிம்மதியைத் தந்த அதே காற்று மாற்றம், சுற்றுப்புறக் காடுகளில் எரிந்துகொண்டிருந்த தீயைத் திசை திருப்பிவிட்டது. நீண்டு கிடந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் முன்முனையாக மாறியது. அந்தத் தீயில் 173 பேர் இறந்தார்கள். அங்கே காற்றின் திசை மாறுவதைச் சாதாரணப் பேச்சாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அதனால்தான் சராசரிகளை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது. ஜனவரியில் மெல்போர்னின் சராசரி அதிகபட்சம் 26 டிகிரியை ஒட்டியும் குறைந்தபட்சம் 15 டிகிரியை ஒட்டியும் இருக்கும் என்று பயணக் கையேடுகள் சொல்லும். இந்த எண்களைப் பார்த்து ஊட்டிக்குப் போவது போல ஏற்பாடு செய்துகொள்பவர்கள் உண்டு. அந்த 26 டிகிரி, 40 டிகிரி நாளையும் 19 டிகிரி நாளையும் ஒன்றாகக் கலந்து வகுத்த எண். மழைக்கும் இதே கதைதான். ஆண்டு முழுவதும் சேர்த்து அங்கே பெய்வது சுமார் 650 மி.மீ.; சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் சென்னை மழையில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மெல்போர்ன் மழை பன்னிரண்டு மாதத்துக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்து, தூறலும் சாரலுமாக வந்து போகும். மழையில்லாத மாதம் என்று ஒன்றை நம்பிப் போக முடியாது.

சரி, பெட்டியில் என்ன வைப்பது? நம் வீடுகளில் முதலில் பீரோவிலிருந்து இறங்குவது ஒரு கனத்த ஸ்வெட்டர், இல்லையென்றால் பெரிய ஜெர்கின். பெட்டியில் கால்வாசி இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். பாசத்தோடு வைக்கப்படும் அந்தப் பொருள்தான் இந்தப் பயணத்துக்கு மிகக் குறைவாக உதவும் என்பது என் உறுதியான கருத்து.

துணி எப்படிக் குளிரைத் தடுக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். கம்பளி நூலுக்குத் தனியாக வெப்பம் கிடையாது. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் வேலை செய்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும். காற்றை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதே துணியின் வேலை. அந்தக் காற்றை மழை நனைத்தாலோ எதிர்க்காற்று உள்ளே புகுந்து கலைத்தாலோ அது பயனற்றுப் போகிறது.

இதை அளக்க ஓர் அலகே உண்டு. 1941-ல் கேஜ், பர்ட்டன், பேசட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 'க்லோ' என்ற அளவை முன்வைத்தார்கள். 21 டிகிரி வெப்பமுள்ள, காற்றோட்டம் அதிகமில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரை வசதியாக வைத்திருக்கத் தேவையான உடைகளின் காப்பு ஒரு க்லோ. கோட்டு சூட்டு முழுதாக அணிந்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். அரைக்கைச் சட்டைக்கு 0.19. முழுக்கை வைத்த மெல்லிய ஸ்வெட்டருக்கு 0.25. கனத்த ஸ்வெட்டருக்கு 0.36. கடைசி இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். மெல்லிய ஸ்வெட்டர் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் சுமார் 0.50 கிடைக்கும், கனத்தது ஒன்றைப் போட்டால் 0.36தான். வெயில் ஏறினால் மெல்லியதில் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். கனத்ததைப் பாதி கழற்ற வழியில்லை.

உடம்பும் ஒரே அளவில் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உட்கார்ந்திருக்கும்போது சுமார் 100 வாட். நல்ல நடையில் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். ட்ராம் நிறுத்தத்துக்கு வேகமாக நடக்கும்போது ஒரு ஸ்வெட்டரே அதிகம். நிறுத்தத்தில் காற்றில் பத்து நிமிடம் நின்றால் இரண்டும் போதாது. வானம் மாறாத நாளிலும் கழற்றிப் போடும் வசதி வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தில் சேலை கட்டுபவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. சூடேற்றிய மனிதப் பொம்மைக்கு விதவிதமாகச் சேலை கட்டிவிட்டு, அது எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். ஒரே சேலையைக் கட்டும் விதத்தை மாற்றினாலே காப்பு கணிசமாக மாறுவதை அந்த அளவுகள் காட்டின. கொசுவ மடிப்புகளுக்குள் அடுக்கடுக்காகக் காற்று நிற்கிறது. முந்தானையைத் தோளில் விட்டால் ஓர் அளவு. இழுத்துப் போர்த்தினால் வேறோர் அளவு. நம் பாட்டிமார் நாள் முழுவதும் யோசிக்காமலே செய்துவந்த வேலை இது. மெல்போர்ன் போகும் அம்மாவை ஜீன்ஸ் போடச் சொல்லி வற்புறுத்துபவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். சேலையோடு முழுக்கை உல்லன் பிளவுஸ் ஒன்றும், காலுக்குச் சாக்ஸும், கீழே இறுக்கமான லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டால் போதும். ஜீன்ஸில் இன்னொரு தொல்லை: நனைந்துவிட்டால் காய்வதற்கு ஒரு நாள் ஆகும்.

நனைவதுதான் உண்மையான எதிரி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சாரலில் நனைந்த பருத்திச் சட்டையில் 200 கிராம் தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை. 200 கிராமுக்கு 4,80,000 ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு நொடிக்கு 100 ஜூல் தருகிறது. அந்தச் சட்டையை உடம்புச் சூடு மட்டுமே காயவைப்பதானால், உடம்பு உண்டாக்கும் வெப்பம் மொத்தமும் 80 நிமிடத்துக்கு அதற்கே செலவாகிவிடும். சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் வெப்பம் தரும் என்பதால் நடைமுறையில் சுமை சற்றுக் குறையும். ஆனாலும் மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் ஈரச்சட்டைக்காரரின் உடம்பும் குளிர்கிறது. 15 டிகிரியில் நடுக்கம் வருவதற்கு இது போதும்.

ஆகவே உடம்பை ஒட்டிப் போடும் துணி எது என்பது முக்கியம். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சென்னைக் கோடைக்கு அது வரம், குளிர்காற்றுக்கு அது தண்டனை. பாலியஸ்டர் இழை ஈரத்தை ஏற்பதே இல்லை என்று சொல்லலாம், சீக்கிரம் காயும். ஆனால் வியர்வை வாடை தங்கும். மெல்லிய மெரினோ கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை ஆவியாக இழைக்குள்ளேயே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இழுக்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். விலை அதிகம்தான். இரண்டு வாங்கினால் போதும், நான்கைந்து முறை போட்டுவிட்டுத் துவைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே போட ஒரு மெல்லிய விண்ட்சீட்டர் வேண்டும்: தலைமூடி வைத்தது, லைனிங் இல்லாதது, தண்ணீர் புகாதது. ஸ்வெட்டர் பின்னலில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகள் உண்டு. காற்று அதில் புகுந்து, நிறுத்தி வைத்த வெப்பத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடும். அந்த ஓட்டைகளை மூடுவதற்குக் காகிதம் போன்ற ஒரு படலமே போதும். அக்குளில் ஜிப் வைத்ததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது; நடக்கும்போது வியர்வை ஆவி அந்த வழியே வெளியேறும். குடை வேண்டாம். உயரமான கட்டடங்களில் மோதிக் கீழே இறங்கும் காற்று தெருமுனைகளில் குடையைத் திருப்பிப் போட்டுவிடும்.

குளிரைப் பற்றியே பேசுவதில் வெயிலை மறந்துவிடுகிறோம். அங்கே தோலைச் சுடும் புற ஊதாக் கதிருக்கும் காற்றின் வெப்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. 20 டிகிரியில் சுகமாகக் காற்று வீசும் ஜனவரி நண்பகலிலும் புற ஊதாக் குறியீடு 10, 11 என்று நிற்கும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். தென்கோளத்தின் கோடை அப்போதுதான். உடம்பு சூட்டை உணராததால் யாரும் நிழலுக்கு ஒதுங்குவதில்லை. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் புற்றுநோய் அமைப்பு 1981-லிருந்தே சட்டையும் தொப்பியும் களிம்பும் வேண்டும் என்று மக்களிடம் சொல்லிவருகிறது. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி இரண்டும் பெட்டியில் அவசியம். நம் தோல் கறுப்புதானே என்று விட்டுவிட வேண்டாம்; கண்ணுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

அறுபதைத் தாண்டியவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். வயது ஏற ஏறத் தோல் குளிரை உணர்வது மந்தப்படுகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைக் காப்பதும் தாமதமாகிறது. வியர்ப்பதும் குறைவதால் 40 டிகிரி நாளும் அவர்களுக்கு ஆபத்தானது. "எனக்கு ஒண்ணும் குளிரலை" என்று அப்பா சொன்னாலும் அவர் கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வானிலை அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்? ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் தலைமையகமே மெல்போர்னில்தான் இருக்கிறது. உலகெங்கும் கணிப்பின் தரம் பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் முன்னேறிவருகிறது. இன்றைய ஐந்தாம் நாள் கணிப்பு, பத்தாண்டுக்கு முந்தைய நான்காம் நாள் கணிப்புக்கு நிகர். ஆனால் குளிர்முகம் பகல் ஒரு மணிக்கு வருகிறதா, ஐந்து மணிக்கு வருகிறதா என்பதில் அன்றைய உச்ச வெப்பம் பத்து டிகிரிகூட மாறிவிடும். புறப்படும் முன் பத்து நாள் கணிப்பைப் பார்த்துத் துணியைக் குறைக்காதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தினமும் காலையில் காற்றின் திசையைப் பாருங்கள். 'வடக்குக் காற்று, பிற்பகலில் தென்மேற்காக மாறும்' என்று இருந்தால், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் விண்ட்சீட்டரும் ஒரு ஸ்வெட்டரும் தோள்பையில் ஏறட்டும். வீட்டு அலமாரியில் தொங்கும் உடையால் ட்ராம் நிறுத்தத்தில் பயனில்லை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். 2016 நவம்பர் 21 அன்று 35 டிகிரி வெயிலுக்குப் பிறகு மாலையில் இடியோடு காற்று திரும்பியபோது, புல்லின் மகரந்தம் நுண்துகள்களாக உடைந்து நகரம் முழுவதும் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்; பத்துப் பேர் இறந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த அபாயம் உண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இன்ஹேலரைச் சரக்கில் போகும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கைப்பையில் வையுங்கள், அங்கே வெளியே போகும்போதும் எடுத்துக்கொண்டே போங்கள்.